எல்லாருக்கும் பொருந்துற ஒரு சபை கிடைக்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

 

இன்னைக்குப் பேசப்போறது ஊர் மாறி வந்த பல கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சிக்கல். புது ஊர்ல வீடு பிடிச்சிடலாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்துடலாம், ஆதார்ல அட்ரஸ்கூட மாத்திடலாம். ஆனா சபை? அதுவும் வீட்டுல இருக்கிற அஞ்சு பேருக்கும் ஒத்துவர்ற ஒரு சபை?

நாங்க பாளையங்கோட்டையில இருந்து சென்னை சோழிங்கநல்லூருக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. நான், என் மனைவி, 75 வயசு அம்மா, அப்போ 13 வயசுல ஒரு மகள், 7 வயசுல ஒரு மகன். ஊர்ல நாங்க சபையைத் தேடினதே இல்லை. தாத்தா ஞானஸ்நானம் வாங்கின கோயில்லதான் எனக்கும் ஞானஸ்நானம், அங்கேயேதான் கல்யாணம். அப்பாவை அடக்கம் பண்ணினதும் அந்தக் கோயில் கல்லறைத் தோட்டத்துலதான்.

"பக்கத்துல ஒரு சி.எஸ்.ஐ. கோயிலாப் பார்த்துப் போக வேண்டியதுதானே"ன்னு நண்பர்கள் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா தென்னிந்தியத் திருச்சபைங்கிறது 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, இதே சென்னையில தூய ஜார்ஜ் பேராலயத்துல, ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல்னு பல வழிகள் ஒண்ணு சேர்ந்து உருவானது. சேர்ந்தாலும் பழைய வழக்கங்கள் முழுசாப் போயிடலை. திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் வழி. என் மனைவிக்கு நாகர்கோவில், அங்கே லண்டன் மிஷன் வழி. கல்யாணமான புதுசுல எங்க கோயில்ல எப்போ எழுந்திருக்கணும், எப்போ முழங்கால் போடணும்னு தெரியாம அவங்க என்னையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. பெயர்ப்பலகை ஒண்ணா இருந்தா உள்ளே எல்லாம் ஒண்ணா இருக்கும்னு சொல்ல முடியாது.

நாங்க முதல்ல போனது ஒரு பெரிய சுயாதீன சபை. ஏசி ஹால், பேண்டு, திரையில பாட்டு வரிகள், தமிழும் இங்கிலீஷும் கலந்த பிரசங்கம். மகளுக்கு ரொம்பப் பிடிச்சது. மகனுக்கு அதிக சத்தம் ஆகாது, சின்னதுல இருந்தே அப்படித்தான். டிரம்ஸ் ஆரம்பிச்சதும் காதைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டான். வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளைப் புத்தகமே இல்லாமப் பாடுற அம்மா, ஒரு பாட்டும் தெரியாம உட்கார்ந்திருந்தாங்க. இதுல அந்தச் சபை மேல தப்பு ஒண்ணும் இல்லை.

ரெண்டாவது, பழைய முறைப்படி ஆராதனை நடக்கிற ஒரு கோயில். அம்மா முகம் மலர்ந்துடுச்சு. ஆராதனை முடிஞ்சதும் ஒரு பெரியவர் வந்து அன்பாப் பேசினார். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? அப்பா பேரு என்ன? நாசரேத்துல சொந்தம் உண்டா?" நாலாவது கேள்வியில எனக்குப் புரிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வர்ற வழியில மகள் கேட்டா, "அப்பா, அந்தத் தாத்தா ஏன் நம்ம சொந்தக்காரங்களைப் பத்தியே கேட்டாரு?" சாதி தெரிஞ்சுக்கத்தான்னு உண்மையைச் சொன்னேன். "கோயில்லயுமா?"ன்னா. அதுக்கு அப்புறம் அவ அங்கே வரமாட்டேன்னு சொல்லிட்டா. என்னால வற்புறுத்தவும் முடியலை.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஞாயிற்றுக்கிழமை எங்க குடும்பம் ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. மனைவியும் மகளும் ஒரு இடம், நானும் அம்மாவும் ஒரு இடம், மகன் அன்னைக்கு யார்கூட அமைதியா இருப்பானோ அவங்ககூட. கொஞ்ச நாள்ல அம்மா, "முட்டு வலிக்குய்யா, நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நானும் அதை நம்பிட்டேன்.

ஒரு ஞாயிறு போனை மறந்துட்டுப் பாதி வழியில திரும்பி வந்தேன். அம்மா ரூம்ல, கோயிலுக்குக் கட்டுற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கிட்டு, முக்காடு போட்டு, கீர்த்தனைப் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு மெதுவாப் பாடிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிட்டாங்க. எங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு அவங்களே விலகியிருக்காங்க. முட்டு வலி ஒரு சாக்கு.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் உட்கார்ந்தோம். "எது இருந்தா நல்லா இருக்கும்"னு நான் கேட்கலை. அப்படிக் கேட்டா பட்டியல் நீண்டுக்கிட்டே போகும். "எது இல்லைன்னா உன்னால அங்கே இருக்கவே முடியாது? ஒண்ணே ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டேன்.

மகன் "சத்தம் வேண்டாம்"னான். மகள், "நான் கேள்வி கேட்டா திட்டக் கூடாது." மனைவி, "யாரும் நம்மள எடை போடக் கூடாதுங்க." அம்மா கீர்த்தனைன்னுதான் சொல்வாங்கன்னு நான் நினைச்சேன். அவங்க சொன்னது வேற. "நான் ஒரு வாரம் வரலைன்னா, ஏன் வரலைன்னு யாராவது கேக்கணும்." கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணும் சொன்னாங்க: "என்னைய எங்க அடக்கம் பண்ணுவீக?"

சபை தேடுற யாரும் இதைப் பத்தி முதல்ல யோசிக்கிறதில்லை. ஆனா வயசானவங்க மனசுல இதுதான் ஓடிக்கிட்டு இருக்கும். பல சபைகள்ல அங்கத்தினரா இருந்து, சந்தா பாக்கி இல்லாம இருந்தாத்தான் கல்லறையில இடம். அதனால நாங்க நாலு பேர் மட்டும் மாற்றுக் கடிதம் வாங்கினோம். அம்மா பேர் ஊர்ச் சபையிலேயே இருக்கு, சந்தா மாசாமாசம் போகுது. அப்பா பக்கத்துலதான்னு தெரிஞ்ச பிறகு அம்மாவுக்கு ஒரு நிம்மதி.

தேடுற முறையையும் மாத்தினோம். ஒரே வாரத்துல முடிவு பண்றதில்லை. குறைஞ்சது நாலு ஞாயிறு, அதுல ஒண்ணு திருவிருந்து ஆராதனையா இருக்கணும். ஆராதனை முடிஞ்சு பத்து நிமிஷம் வாசல்ல நிற்கணும், புது ஆட்கள்கிட்ட யாராவது பேசுறாங்களான்னு அங்கேதான் தெரியும். போதகரை வார நாள்ல போய்ப் பார்த்து, நம்ம தேவையை வெளிப்படையாச் சொல்லணும்.

இப்போ போற சபை சின்னது, 60 குடும்பம்தான் இருக்கும். வீட்டுல இருந்து 40 நிமிஷம் ஆகும். மகனைப் பத்திச் சொன்னப்போ ஆயர், "பின் வராந்தாவுல ஸ்பீக்கர் கிடையாது. அங்கே இருக்கட்டும், ஓடினா ஓடட்டும்"னு சொல்லிட்டார். எல்லாம் சரியா இருக்குன்னு சொல்ல மாட்டேன். பிரசங்கம் நீளம். மகள் வயசுப் பிள்ளைகள் ரெண்டே பேர். அதனால சனிக்கிழமை சாயங்காலம் அவ அந்தப் பெரிய சபையோட வாலிபர் கூட்டத்துக்குப் போறா. இந்த வருஷம் இங்கே திடப்படுத்தல் வகுப்புல சேர்ந்திருக்கா. எடுப்பாளான்னு இன்னும் சொல்லலை. குழந்தையில நமக்காக மத்தவங்க சொன்ன வாக்கை நாமளே நம்ம வாயால சொல்றதுதான் திடப்படுத்தல். அதை நான் கட்டாயப்படுத்திச் சொல்ல வச்சா, அது அவ வாக்கா இருக்காது.

போன மாசம் காய்ச்சல்ல அம்மா ஒரு ஞாயிறு வரலை. சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கத்துல இருந்து ரெண்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து நின்னாங்க. அவங்க போன பிறகு அம்மா ரெண்டு தடவை சொன்னாங்க, "ஏன் வரலைன்னு கேக்க வந்தாவய்யா."

நீங்களும் சபை தேடிக்கிட்டு இருந்தா, உங்க வீட்டுல யாரு அதிகமாப் பேசாம இருக்காங்களோ அவங்ககிட்ட முதல்ல கேளுங்க. உங்க அனுபவத்தையும் எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.