மூன்று முடிச்சும் ஏழரை மடங்கும்



ஔவையார் கண்ட இரு சாதியார், கொடுப்பவரும் கொடாதவரும் ஆவர். இன்றைய பிரித்தானியாவிலோ ஓய்வூதியம் வாங்குபவர் ஒரு சாதி, அதற்காக வரி கட்டுபவர் மறுசாதி என்ற பேச்சு வலுத்து வருகிறது. தமிழ் இல்லம் ஒன்றின் சாப்பாட்டு மேசையில் இவ்வழக்கு எழுந்தால் எப்படியிருக்கும்?

“அப்பப்பா, உங்கள் ஓய்வூதியத்திற்கு மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறார்களே, என் சம்பளத்திற்கு ஒன்றாவது உண்டா?” என்று பேரன் தொடங்குவான்.

அவன் கூறுவது, 2010இல் பதவியேற்ற கூட்டணி அரசு அறிவித்த மும்மடிப் பூட்டினை. விலைவாசி உயர்வு, சராசரி ஊதிய உயர்வு, இரண்டரை விழுக்காடு ஆகிய மூன்றில் எது மிகுதியோ, அந்த அளவிற்கு அரச ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும். 2023இல் அது 10.1 விழுக்காடும், 2024இல் 8.5 விழுக்காடும் உயர்ந்தது. தாலிக்கு இட்ட மூன்று முடிச்சை நீதிமன்றம் அவிழ்த்துவிடும். இம்முடிச்சை அவிழ்க்க எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. 2022இல் ஒரு முடிச்சைத் தளர்த்தியவர்கள் மறு ஆண்டே அதை இறுக்கிக் கட்டினர். 2024இல் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையைப் பெரும்பாலான முதியோருக்கு நிறுத்திய அரசு, 2025இல் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. முதியோர் வாக்குச்சாவடிக்குத் தவறாமல் செல்பவர்கள் என்பதை அரசியல்வாதிகள் அறிவர்.

“தம்பி, அது நான் உழைத்துச் சேர்த்த பணம்” என்பார் அப்பப்பா.

அங்குதான் பிழை. தேசியக் காப்புறுதி என்பது உண்டியல் அன்று, ஓடும் வாய்க்கால். பெட்ரோல் நிலையத்தில் இரவெல்லாம் விழித்து அப்பப்பா கட்டிய பணம், அன்றைய ஆங்கிலேய முதியவரின் தேநீருக்குச் சென்றது. இன்று அப்பப்பாவின் தேநீருக்குப் பேரன் கட்டுகிறான். ஓய்வூதிய வயதைக் கடந்தும் பணிபுரிபவர் அந்தப் பங்களிப்பைச் செலுத்துவதில்லை. அதே சம்பளத்திற்கு அருகில் அமர்ந்திருக்கும் இளைஞர் செலுத்துகிறார்.

பேரனின் முறைப்பாடு இத்துடன் முடியாது. 1998க்கு முன் பல்கலைக்கழகக் கட்டணமே இல்லை. இங்கிலாந்தில் 2012இல் அது ஆண்டிற்கு 9,000 பவுண் வரை உயர்ந்தது. 2023இலிருந்து படிப்பைத் தொடங்கியோருக்கு அக்கடன் 40 ஆண்டுகள் வரை தொடரும். கடன் தீர்வதற்குள் அவனே அப்பப்பா ஆகிவிடுவான்! வீட்டு விலையோ, 1997இல் ஆண்டுச் சம்பளத்தின் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. 2024இல் ஏழரை மடங்கையும் தாண்டியது. ஏழரைச் சனிகூட ஏழரை ஆண்டில் விலகும். வீட்டுக் கடன் முப்பது ஆண்டாயினும் விலகாது.

ஆயினும் அப்பப்பாவிடம் ஒரு மறுமொழி உண்டு: “தம்பி, எல்லா முதியவரும் செல்வந்தர் என்று உனக்கு யார் சொன்னது?”

2016 ஏப்ரலுக்குப் பின் ஓய்வு வயதை எட்டியோர் முழுத் தொகை பெறப் பொதுவாக 35 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். 2025-26இல் அம்முழுத் தொகை வாரத்திற்கு 230.25 பவுண். பங்களிப்பு பத்து ஆண்டுக்குக் குறைந்தால் பொதுவாக எதுவுமில்லை. நாற்பது வயதிற்கு மேல் அகதியாக வந்திறங்கியவருக்கு முப்பத்தைந்து ஆண்டு எட்டாக் கனி. மூன்று முடிச்சு அவருக்கும் உண்டு. முடிச்சுக்குள் இருக்கும் பணம்தான் சிறிது.

ஆகவே உண்மையான பிளவு நரைத்த தலைக்கும் கறுத்த தலைக்கும் இடையே இல்லை. 1990களில் வீடு வாங்கியவருக்கும் வாடகையிலேயே முதுமை அடைந்தவருக்கும் இடையே உள்ளது. முன்னவரின் பேரன் காத்திருந்தால் வீடு பெறுவான். பின்னவரின் பேரன் காத்திருந்தாலும் வாடகைச் சீட்டையே பெறுவான். வயதைப் பார்த்து அளிக்கும் சலுகை இவ்விருவரையும் ஒன்றாகவே எண்ணுகிறது. வசதியைப் பார்த்து வழங்குக என்பதே நியாயமான கோரிக்கை.

இளையோரே, இன்றிரவு பெற்றோரின் தேசியக் காப்புறுதிப் பதிவேட்டை அரசின் இணையத்தளத்தில் பார்த்துக் கொடுங்கள். விடுபட்ட ஆண்டுகளுள் அண்மைய சிலவற்றைப் பணம் செலுத்தி நிரப்ப இயலும். வருமானம் குறைந்த முதியோருக்கு உரிய ஓய்வூதிய உதவித்தொகைக்குத் தகுதியிருந்தும் பலர் விண்ணப்பிப்பதில்லை. படிவத்தை நிரப்ப உதவுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வீடு வாங்கவில்லை என்று கடிந்துகொள்ளுமுன், அந்த ஏழரை மடங்கை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தேர்தல் நாளில் அப்பப்பாவும் பேரனும் ஒன்றாகவே வாக்குச்சாவடிக்குச் செல்லட்டும்.