தேசி விநாயகரும் திரைகடல் கடந்தாரும்



பிள்ளையார்பட்டிக் குடைவரையில் வடக்கு நோக்கி வீற்றிருந்தருளும் கற்பக விநாயகப் பெருமானுக்குத் தேசி விநாயகப் பிள்ளையார் என்பதும் ஒரு திருநாமம். தேசு ஒளியாதலின் ஒளியுடைய பிள்ளையார் எனப் பொருள் கூறலாம். பல தேசங்களிலும் சென்று வாணிகம் புரிந்த குழுவினர் நானாதேசிகள் எனப்பட்டனராதலின், வணிகர்தம் பிள்ளையார் எனக் கொள்ளுதற்கும் இடமுண்டு. பர்மாவிலே பாகன் நகரத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று, 13ஆம் நூற்றாண்டினது, நானாதேசி விண்ணகரம் என்னும் பெருமாள் கோயிலைக் கூறுதல் ஈண்டு நினையத்தகும்.

அந்நாட்டிற்குப் பின்னாளிற் பெருக்கமாகச் சென்றோர் நகரத்தார். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானபின், ஐராவதிக் கழிமுகத்து நெல் வேளாண்மைக்குப் பணம் கொடுத்துதவியவர் இவர். 1930ஐ ஒட்டி நெல்விலை வீழ்ந்தது; கடன் திரும்பவில்லை; நிலம் கைக்கு வந்தது. அது நகரத்தார் விரும்பித் தேடிய நிலமன்று. எனினும் உழுத பர்மியர்க்கு அது பறிபோன நிலமே என்பதை மறைத்தலாகாது. பின்னர் 1942இல் ஜப்பானியர் படையெடுப்பு. இந்தியர் பல்லாயிரவர் அரக்கான் வழியும் மணிப்பூர் வழியும் கால்நடையாய் மீண்டனர். எஞ்சியிருந்த வங்கிகளும் கடைகளும் 1963, 1964ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின.

மூன்றாண்டுக் கணக்கிற்குச் சென்று சென்று வாழ்நாளைக் கழித்தவர்க்கு எது ஊர்? அங்கே அயலார், இங்கே மனைவி மக்கட்கும் விருந்தினர் போல்வர்.

இவ்விடத்தில் அவரைத் தாங்கியது கோயில். நகரத்தார்க்குரிய ஒன்பது கோயில்களுள் பிள்ளையார்பட்டியும் ஒன்று. மணம் முடித்த கணவனும் மனைவியும் ஒரு புள்ளியாகக் கோயிற் கணக்கில் ஏறுவர். மணமாலை கோயிலிலிருந்து வருதல் வேண்டும். இரணியூர்க் கோயிலாரும் பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் உடன்பிறப்பு முறையினராதலின், தம்முள் கொண்டு கொடுத்தல் இல்லை. ரங்கூனில் அனைத்தையும் இழந்து வந்தவனும் கோயிலில் புள்ளியாகவே நின்றான். எந்த அரசும் அதனைப் பறிக்க இயலவில்லை.

ஆயின் ஒன்று சொல்லாது விடுதல் நேர்மையன்று. பர்மியப் பெண்களோடு இல்வாழ்க்கை நடத்தினாரும் சிலர் உளர். நகரத்தார் மரபில் இருபாலும் பிறந்த மணமக்களே புள்ளியாவர். ஆகவே அப்பெண்களின் மக்களுக்குத் தந்தையின் கோயிற் கணக்கில் இடமில்லை. தந்தையர் கப்பலேறினர், மக்கள் அக்கரையில் நின்றனர். மீண்டவர் துயரம் பேசப்படும் அளவிற்கு இவர் துயரம் பேசப்படுவதில்லை.

அவர் வழியினர் ஒருவர் இன்று இங்கு வருவராயின், தம் முன்னோர் புள்ளிக் கணக்கில் தம் பெயர்க்குரிய வரியைக் காணார். கற்பகப் பெருமான் திருமுன் நின்று குட்டிக்கொண்டு தோப்புக்கரணமிட அவர்க்குத் தடையில்லை.