மருத்துவ மாணவன் கீற்ஸ்



சாதாரண தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் இப்போது கொழும்பில் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருக்கிறான். பாடசாலை நாட்களில் நல்ல கவிதைகள் எழுதியவன். அண்மையில் ஊருக்கு வந்தபோது, “நாடகம், நூல் வெளியீடு, கச்சேரி எல்லாம் பக்கத்திலதான் நடக்குது சேர். எனக்கு நித்திரை கொள்ளவே நேரமில்லை. இனிக் கவிதை சரிவராது” என்றான். அந்த நேரம் என்னிடம் பதில் இருக்கவில்லை. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய கதையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆங்கிலக் கவிஞர் ஜோன் கீற்ஸ் 1815 ஒக்டோபரில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதாகவில்லை. 1816 மார்ச் முதல் லூக்கஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின்கீழ் காயங்கட்டும் உதவியாளராக வேலை செய்தார். லூக்கஸின் கை தேர்ந்த கையல்ல என்று உடன் வேலைசெய்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். மயக்கமருந்து சத்திரசிகிச்சைக்கு வந்ததோ 1846இல். ஆகவே, விழித்திருக்கும் நோயாளியைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் அறுப்பார்கள். அந்த அலறலுக்கு நடுவே நின்றவர்தான் பின்னாளில் பறவையொன்றின் பாட்டைக் கேட்டவர்போல இனிமையாகப் பாடினார்.

வைத்தியசாலை வாசலைத் தாண்டினால் வேறோர் உலகம். சோசரின் யாத்திரிகர்கள் கன்ரபரிக்குப் புறப்பட்ட சத்திரம் இருந்த தெரு அருகில்தான். ஷேக்ஸ்பியரின் நாடக அரங்கு ஒருகாலத்தில் நின்றதும் அதே சதக் பகுதியில்தான். ஆற்றைக் கடந்தால் எட்மண்ட் கீன் நடிக்கும் நாடகங்கள். 1817 மார்ச்சில் ஓவியர் ஹெய்டனுடன் பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்று, கிரேக்கப் பளிங்குச் சிற்பங்களைக் கண்டு வியந்து இரு கவிதைகள் எழுதினார்.

அதற்கு முன்பே, 1816 ஒக்டோபரில், ஓரிரவு வந்தது. நண்பர் கிளார்க் தம் வீட்டில், சாப்மன் மொழிபெயர்த்த ஹோமரின் பழைய பதிப்பொன்றை வைத்திருந்தார். இருவரும் விடியும்வரை மாறி மாறி வாசித்தார்கள். பின் கீற்ஸ் ஏறத்தாழ இரண்டு மைல் நடந்து தம் அறைக்குத் திரும்பினார். காலை பத்து மணிக்குக் கிளார்க் உணவுக்கு வந்தபோது மேசையில் ஒரு கடிதம். உள்ளே பதினான்கு வரிகள். புதிய கிரகமொன்றைக் கண்ட வானியலாளனின் பரவசத்தைச் சொல்லும் அந்தக் கவிதை ஆங்கிலத்தில் இன்றும் நிற்கிறது. அதை எழுதியவர் அந்த ஆண்டு ஜூலையில்தான் மருத்துவப் பரீட்சையில் சித்தியடைந்தவர்; காயங்கட்டும் வேலையையும் இன்னும் விடாதவர்.

அப்படியானால் இரண்டையும் கடைசிவரை சேர்த்தே நடத்தினாரா? இல்லை. தாம் செய்த கடைசிச் சத்திரசிகிச்சை பற்றி நண்பர் பிரௌனிடம் அவர் சொல்லியிருக்கிறார். ஒருவரின் நெற்றிப்பொட்டு நாடியைத் திறந்தாராம். பிழையின்றி முடித்தார். ஆனால் அந்நேரம் தம் மனதில் ஓடிய எண்ணங்களை நினைத்தபோது, கை தவறாதது அதிசயமாகத் தோன்றியதாம். அதன்பின் கத்தியைத் தொடவில்லை. கவிதை பெரிது, வைத்தியம் சிறிது என்ற செருக்கை நான் இதில் காணவில்லை. அலையும் மனதோடு இன்னோர் உயிரைத் தொடக்கூடாது என்ற அச்சம்தான் தெரிகிறது. அது ஒரு நல்ல வைத்தியனின் அச்சம்.

கற்ற வைத்தியமும் அவரை விடவில்லை. 1818இல் சயரோகத்தால் இறந்த தம்பி டொமைப் பராமரித்தவர் அவரே. 1820 பெப்ரவரி 3ஆம் திகதி இரவு, இருமலோடு ஒரு துளி இரத்தம் படுக்கையில் விழுந்தது. மெழுகுதிரி கேட்டு வாங்கி, அதன் நிறத்தைப் பார்த்தார். நாடியிலிருந்து வந்த இரத்தம் என்று அறிந்தார். தமக்கு மரணம் நிச்சயம் என்பதையும் அறிந்தார். 1821 பெப்ரவரி 23இல் ரோமில் இறந்தபோது வயது இருபத்தைந்து.

என் மாணவனுக்கு எதைக் கைவிடு என்று சொல்ல மாட்டேன். அதை அவனே அறிவான். ஆனால் இன்னும் முடிவெடுக்காதே என்பேன். நல்ல நூலொன்றை வைத்திருக்கும் நண்பன் ஒருவனைத் தேடிக்கொள். ஓய்வு கிடைக்கும் ஓரிரவு அவன் வீட்டுக்குப் போ. திரும்பும்போது, முடிந்தால் நடந்தே வா.