பல் அடைக்கும் பசையும் நீல ஒளியும்

சொத்தையைச் சுரண்டி எடுத்த குழியில் பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் பசைக்குக் காம்போசிட் என்று பெயர். நுண்ணிய கண்ணாடித் தூளும், பிஸ்-ஜிஎம்ஏ, டெக்டிஎம்ஏ போன்ற ரெசின் மூலக்கூறுகளும் சேர்ந்தது அது. நீல ஒளி பட்டதும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, பசை கெட்டியாகிறது.

ஆனால் எல்லா மூலக்கூறுகளும் முழுமையாகப் பிணைவதில்லை. இறுகிய பின்பும் ஒரு சிறு பங்கு தனித்தே நிற்கும். முதல் சில நாட்களில் அது எச்சிலில் கசியும். பல்லின் உள்ளடுக்கான டென்டினில் உள்ள நுண்குழல்கள் வழியாகப் பல்லின் உயிர்ப்பகுதியான கூழுக்கும் போகும். பல்லோடு பசையை ஒட்டவைக்கும் திரவத்தில் உள்ள ஹீமா என்ற ரெசின் மூலக்கூறு நீரில் எளிதில் கரைவதால் விரைவாக ஊடுருவும்.

உயிரணுவுக்குள் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் உண்டு. கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கிவைப்பது அதன் வேலை. கசிந்துவரும் ரெசின் குளுட்டாதயோனைத் தன்னோடு பிணைத்துத் தீர்த்துவிடுகிறது. அடக்க ஆளில்லாமல் கேடான மூலக்கூறுகள் பெருகி, உயிரணுவின் சவ்வையும் டிஎன்ஏவையும் தாக்குகின்றன. இந்த நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஆய்வகத் தட்டில் வளர்த்த கூழ் உயிரணுக்களில் இது தெளிவாகத் தெரிகிறது. வாயில் நிலைமை அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. இடையில் நிற்கும் டென்டின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. குழி ஆழமாகி டென்டின் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்தால்தான் கூழுக்கு ஆபத்து கூடும். அப்போது எம்டிஏ போன்ற கால்சியம் சிமென்ட்டை அடியில் வைத்து மூடுவது வழக்கம்.

பாதுகாப்பின் பெரும்பகுதி மருத்துவர் வேலைசெய்யும் முறையில் இருக்கிறது. வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக வைத்தால் ஒளி அடிவரை எட்டாது. அதனால் அடுக்கடுக்காக வைத்து, விளக்கின் நுனியைப் பல்லருகே அசையாமல் பிடித்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே இறுக்க வேண்டும். காற்று படும் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதைத் தேய்த்து மெருகேற்றி நீக்கிவிட வேண்டும்.

ஜெல் நகப்பூச்சிலும் ஹீமா இருப்பதுண்டு. அந்தப் பூச்சு ஒவ்வாமல் விரலில் அரிப்போ கொப்புளமோ கண்டவர்கள் பல் அடைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அடைத்த பல்லில் சில நாள் கூச்சம் இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் கூடினாலோ, இரவில் தானாக வலித்தாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.