வாடகை வீட்டைப் புதுப்பிக்கும் முன்: பழைய ஷீட், பழைய தரை, பழைய பசை
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பகுதியில் பலருக்கும் சொந்த வீட்டோடு வாடகைக்கு விட ஒரு வீடோ மாடியோ இருக்கிறது. குடியிருந்தவர் காலி செய்ததும், அடுத்தவர் வருவதற்குள் ஷீட்டை மாற்றி, தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டுவிட நினைக்கிறோம். ஒரு மாத வாடகை போகிறதே என்ற அவசரத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். அது தூசி.

மொட்டை மாடிக் கொட்டகையிலும் கார் ஷெட்டிலும் இருக்கும் சாம்பல் நிற நெளி ஷீட்டைத்தான் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோம். தமிழில் கல்நார். சிமென்டோடு கல்நார் இழையைக் கலந்து செய்தது. அந்த இழை புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமில்லை. பிரிட்டன் 1999-லும், ஆஸ்திரேலியா 2003-லும் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் ஷீட்டுக்குத் தடை இல்லை. அதனால் "புது ஷீட்தானே" என்று நினைக்க வேண்டாம். கல்நார் இல்லாதது என்று அட்டையிலோ பில்லிலோ எழுதியிருந்தாலொழிய, இருப்பதாகவே கொள்ளுங்கள்.

பயந்து இன்றே கழற்ற வேண்டுமா? வேண்டாம். முழுசாக, விரிசலின்றி இருக்கும் ஷீட்டில் இழை சிமென்டுக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. உடைக்கும்போதும், துளை போடும்போதும், கட்டிங் மெஷினால் அறுக்கும்போதும், பெயின்ட் அடிக்க கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும்போதும்தான் அது காற்றில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, இருமல்கூட வராது. நோய் தெரிய இருபது, முப்பது, நாற்பது வருடம் ஆகலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம், கல்நார் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடமோ, வேலையை விட்டு 15 வருடமோ, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது இதனால்தான். நம் வீட்டில் இரண்டு நாள் வேலை பார்க்கும் சித்தாளுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அவருக்கு நாம்தான் பொறுப்பு.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, ஆடி மாதம் வேண்டாம். அம்மியே பறக்கும் காற்றில் தூசி அடுத்த தெரு வரை போகும். வீட்டில் ஆள் குடியிருக்கும்போதும் வேண்டாம். பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி, ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஷீட் மேல் யாரும் ஏறி நிற்கக் கூடாது. பழைய ஷீட் சட்டென்று உடைந்து, ஆள் கீழே விழுந்து உயிரே போகும். அடியில் உள்ள சட்டம் தாங்கும்படி பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து ஷீட்டை நனைத்துக்கொண்டே வேலை நடக்கட்டும். துருப்பிடித்த போல்ட்டை வெட்டுங்கள், ஷீட்டை உடைக்காதீர்கள். முழு ஷீட்டாகக் கயிற்றில் கட்டி இறக்குங்கள், மேலிருந்து வீச வேண்டாம்.

நான்காவது, வாயில் துண்டு கட்டுவதால் பயனில்லை. சாதாரண என்-95 மாஸ்க்கும் இதற்குப் போதாது. பி-100 வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அழுக்குத் துணியோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கணவரின் வேலைத் துணியைத் துவைத்தே நோய் வாங்கிய பெண்கள் உலகில் பல இடங்களில் உண்டு.

ஐந்தாவது, கழற்றியதைக் கெட்டியான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். கண்மாய்க் கரையில் கொட்டுவது, தரைக்கு அடியில் போட்டு நிரப்புவது, மாட்டுக் கொட்டகைக்கு இனாமாகக் கொடுப்பது மூன்றும் தவறு. கல்நார்க் கழிவை எப்படி அகற்றுவது என்பதற்கு ஐ.எஸ். 11768 என்ற இந்தியத் தரநிர்ணயமே இருக்கிறது. மாநகராட்சியிலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திலும் கேட்டு, கழிவை அகற்றும் செலவையும் காண்ட்ராக்டரிடம் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்து தரை. நம் வீடுகளின் சிவப்புத் தரை, மொசைக், ஆத்தங்குடிக் கல் எல்லாம் சிமென்ட் வேலைதான், கல்நார் இல்லை. ஆனால் உலர வைத்து அறுத்தால் சிலிக்கா தூசி கிளம்பும், அதுவும் நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் விட்டே அறுக்கச் சொல்லுங்கள். அதைவிட, பெயர்க்காமலே விட்டால் பணமும் மிச்சம். மொசைக்கைப் பாலிஷ் போட்டால் புதிதாகிவிடும். ஆத்தங்குடிக் கல்லில் மட்டும் ஆசிட் ஊற்றாதீர்கள், மேல்பூச்சை அரித்துவிடும்.

கடையாகவோ ஆபீஸாகவோ இருந்த பழைய கட்டடத்தை வாங்கியவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். தரையில் ஒட்டிய பழைய பிளாஸ்டிக் டைலில் கல்நார் இருக்கலாம். அப்படிப்பட்ட டைலுக்கென்றே ஐ.எஸ். 3461 என்ற தரநிர்ணயம் இருந்தது. அடியில் உள்ள கறுப்புப் பசையையும் சந்தேகப்படுங்கள். அதைச் சுரண்டி, தேய்த்து எடுக்காமல் மேலேயே புதுத் தரை போட்டுவிடுவது நல்லது. புதிதாக ஒட்டும் ரப்பர் பசையின் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பும் பீடியும் பக்கத்தில் வேண்டாம்.

இதற்கெல்லாம் ஆகும் கூடுதல் செலவு ஒரு மாத வாடகையைத் தாண்டலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு குழந்தை தரையில் தவழப் போகிறது. வேலை பார்த்த கொத்தனாரும் இன்னும் முப்பது வருடம் மூச்சு விட வேண்டும். இதை மனதில் வைத்து எஸ்டிமேட் போடுங்கள்.