தெற்கு வானும் வைணு பாப்புவும்
(கல்விக் கழக வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என்னை ஓர் அறிவியல் அறிஞரைப் பற்றிப் பேசும்படி பணித்தனர். நான் வரலாறு படித்த பி.ஏ., பி.எட். பட்டதாரி. இயற்பியல் ஆசிரியர் அல்லன். ஆகவே, இவ்வுரையை எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக் கொண்டே இங்கு வந்துள்ளேன்.

மாசி மாதத்து அமாவாசையை ஒட்டி, இரவு ஒன்பது மணியளவில், பாலாற்றங்கரையில் தெற்கு நோக்கி நில்லுங்கள். மிகப் பிரகாசமாக ஒரு விண்மீன் தெரியும். அதனை அகத்தியர் மீன் என்று நம் முன்னோர் அழைத்தனர். அதற்கு இடப்புறம், சற்று மேலே, கையை நீட்டி விரல்களை விரித்தால் ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் மற்றொரு விண்மீன் ஒளிரும். வானியலார் அதற்கு இட்ட பெயர் காமா வெலோரம். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1100 ஆண்டுகள் ஆகின்றன. இன்று நாம் காணும் ஒளி அங்கிருந்து புறப்பட்ட காலத்தில், நம் காஞ்சியில் பல்லவர் ஆட்சி முடிந்து சோழர் ஆட்சி வந்திருந்தது. கைலாசநாதர் கோயில் எழுந்து இரு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மீன் பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒருபோதும் தெரியாது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து காண்பதும் இயலாது. நம் ஊரிலோ ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் சிறுவன்கூட அதைக் காண்கிறான், பெயர் மட்டும் அறியான். இதன் மதிப்பை நன்கு உணர்ந்தவர்தான் வைணு பாப்பு.

அவர் 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் பணியாற்றியவர். ஹார்வர்டுக்குச் சென்ற 1949ஆம் ஆண்டிலேயே பாப்பு ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். 1952இல் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் பாலோமர் மலைத் தொலைநோக்கியிலும் பணி செய்தார். ஆலின் வில்சன் என்பாருடன் அவர் கண்டறிந்து 1957இல் வெளியிட்ட உண்மை ஒன்று இன்றும் வில்சன்–பாப்பு விளைவு என்றே வழங்குகிறது. அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1953இல் தாயகம் திரும்பினார். முதலில் உத்தரப் பிரதேச வானாய்வுக் கூடம், பின்பு 1960 முதல் கொடைக்கானல்.

அவர் ஆயுள் முழுதும் விரும்பி ஆராய்ந்தவற்றுள் வுல்ஃப்–ரேயே விண்மீன்கள் என்னும் வகை முக்கியமானது. 1867இல் பாரிசில் வுல்ஃப், ரேயே என்ற இருவர் முதன்முதலில் கண்டமையால் அப்பெயர். இவை பெருவிண்மீன்களின் முதுமைக் கோலம். பெருவிண்மீன் என்றால் என்ன? சூரியனைப் போல் பத்து, இருபது, முப்பது மடங்கு பொருள் கொண்டது. பொருள் மிகுதியாக உள்ளதே, நெடுங்காலம் எரியும் அல்லவா என்று நினைப்போம். அப்படியன்று. விளக்கில் எண்ணெய் முப்பது மடங்கு இருந்தாலும் திரி இரண்டு லட்சம் மடங்கு பெரிதாக இருந்தால் விளக்கு எத்தனை நேரம் எரியும்? சூரியனுக்கு ஆயுள் ஆயிரம் கோடி ஆண்டுகள். பெருவிண்மீனுக்கோ சில பத்து லட்சம் ஆண்டுகளே. அந்தக் குறுகிய வாழ்வுக்குள் தன் வயிற்றில் கரியையும் பிராண வாயுவையும் இரும்பையும் சமைத்து, இறுதியில் வெடித்து அவற்றை வெளியே இறைக்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் பிராண வாயுவின் பெரும்பகுதி இப்படிப்பட்ட மீன்களுள் வெந்து வந்ததேயாகும்.

தொட முடியாத பொருளை எவ்வாறு ஆராய்வது? நம் ஊரில் சரிகை அசலா போலியா என்று ஐயம் வந்தால் கல்லில் உரைத்துப் பார்க்கிறோம். விண்மீனுக்கு உரைகல் அதன் நிறமாலை. ஒளியைப் பிரித்து விரித்தால் அதில் கோடுகள் தோன்றும். அக்கோடுகளைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கும் திறவுகோலை 1920இல் உலகுக்கு வழங்கியவர் மேகநாத சாகா. டாக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தாவில் படித்தபோது, சாதியின் காரணமாக விடுதியில் உடன்படித்தோர் அவரோடு ஒன்றாக அமர்ந்து உண்ண மறுத்தனர். நிறமாலைக் கோடுகளைக் கொண்டு விண்மீனின் வெப்பத்தைக் கணிப்பதற்கு அவருடைய சமன்பாடே அடிப்படை என்பதை மட்டும் இங்கே சொல்லி மேலே செல்கிறேன்.

காமா வெலோரம் கண்ணுக்கு ஒற்றை மீனாகத் தோன்றினும் உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டையைக் கொண்டது. வுல்ஃப்–ரேயே மீன்களுள் மிகவும் பிரகாசமானது அதுவே. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி ஒருவிதமாகவும், விலகிச் செல்லும்போது வேறுவிதமாகவும் கேட்கிறதன்றோ? அதுபோல, மீன் நம்மை நோக்கி வரும்போது நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். கொடைக்கானலில் கே. எஸ். கணேஷ் என்பாரும் பாப்புவும் இந்நகர்வை இரவு இரவாக அளந்து, இவ்விரட்டை ஒருமுறை சுற்ற 78.5 நாள் ஆகிறது என்று 1967இல் வெளியிட்டனர். எத்தனையோ பெரிய கருவிகள் வந்துவிட்ட பின்னரும் அந்த எண் மாறவில்லை.

சுற்றுப்பாதை தெரிந்தால் இரண்டின் எடையையும் கணிக்கலாம். இன்றைய கணக்கில் ஒன்று சூரியனைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு, வுல்ஃப்–ரேயே மீனோ 9 மடங்கு மட்டுமே. இங்கேதான் வியப்பு. பிறந்தபோது பெரிதாக இருந்தது இன்று சிறிதாக உள்ள இந்த வுல்ஃப்–ரேயே மீன்தான்! பெரிதாக இருந்தமையால் விரைந்து எரிந்தது. மேலுறையாகிய ஹைட்ரஜன் முழுவதையும் இழந்து, உள்ளே சமைத்த கரி வெளியே தெரிய நிற்கிறது. இப்போதும் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தன் பொருளைக் காற்றாக வீசிக் கொண்டிருக்கிறது. 1971இல் அர்ஜென்டினாவில் இவ்வகை மீன்களைப் பற்றி உலக வானியலார் கூடி விவாதித்த உரைகளைத் தொகுத்து நூலாக்கிய இருவருள் பாப்பு ஒருவர்.

கொடைக்கானலின் மேகம் இரவு ஆய்வுக்கு இடையூறு. இரவு வானத்துக்கென வேறிடம் தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார் பாப்பு. தெற்கு வானம் அங்கு நன்கு தெரியும். மேலும், ஆஸ்திரேலியாவில் விடிந்த பிறகு தென் ஆப்பிரிக்காவில் இருட்டும் வரை, இடைப்பட்ட நேரத்தில் அவ்வானைக் கவனிக்க நம் நாடு ஏற்ற இடம். 1968இல் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியுடன் காவலூரில் பணி தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைக் கண்காணித்த கருவிகளுள் அதுவும் ஒன்று. பின்னர் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய முனைந்தார். பிறர் செய்ததை விலைக்கு வாங்குவது எளிது. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் கைகளும் நம்முடையவையாக இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். தறியில் அமரும் கைகளை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1979இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியில் இருக்கும்போதே, 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் மியூனிக் நகரில் காலமானார். வயது 55. இன்று என் வயதும் ஏறத்தாழ அதுவே. அந்தத் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பெற்று அவர் பெயரைத் தாங்கியது. அதன் வழியே வானத்தைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

இங்கே நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதி மாணவன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு என் வீட்டுக்கு வந்தான். தந்தை கூலிக்குத் தறி நெய்பவர். “ஐயா, பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கட்டுமா? நட்சத்திரம் பற்றிப் படிக்க ஆசை” என்றான். “அதில் வேலை எங்கே தம்பி? பாலிடெக்னிக்கில் சேர்” என்றேன். சேர்ந்தான். இன்று ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல சம்பளம் பெறுகிறான், தங்கையைப் படிக்க வைக்கிறான். ஆகவே நான் சொன்னது தவறு என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆயினும் அவன் என்னைக் கேட்ட கேள்வி வேலையைப் பற்றியதன்று. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை என்பதே உண்மை. விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டும். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, நெட் அல்லது ஜெஸ்ட் தேர்வில் வென்றால் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வு மாணவராகச் சேர வழியுண்டு. ஆய்வுக் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. இதை அறிந்துகொள்ள எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயிற்று.

காவலூருக்கு வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகச் செல்ல வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற்று, அடுத்த மாசிக்குள் கழகத்தார் ஒரு வேன் ஏற்பாடு செய்தால் வாடகையில் பாதியை நான் தருகிறேன். செயலாளர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். வர விரும்பும் மாணவ மாணவியர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். ஒரகடத்துத் தம்பிக்கு நானே சொல்லி அனுப்புகிறேன்.