ஒப்பமும் எழுத்தும்



தலைவர்களின் அந்தரங்கச் செயலாளர்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். யாரை உள்ளே விடுவது, எந்தக் கடிதத்தை முதலில் வைப்பது, தலைவர் சொன்னதை எந்தச் சொல்லில் எழுதுவது என்று அன்றாடம் தீர்மானித்தவர்கள் இவர்கள். ஆனால் வரலாற்று நூல்களில் இவர்களுக்குக் கிடைத்த இடமோ அடிக்குறிப்பு. இந்தக் குறை என்னை நெடுநாளாக உறுத்துகிறது. இதை விளக்க மகாதேவ தேசாய் ஒருவரே போதும்.

சட்டம் படித்த மகாதேவர் 1917இல் காந்தியடிகளிடம் செயலாளராகச் சேர்ந்தார். 25 ஆண்டுகள் உடனிருந்து நாள்தோறும் குறிப்பு எழுதினார். குஜராத்தியில் வந்த 'சத்திய சோதனை'யை ஆங்கிலமாக்கியவர் அவர்தான். பர்தோலி விவசாயிகளின் நிலவரி பற்றிய விசாரணைக்காக அவர் சென்றிருந்தபோது, ஐந்தாம் பாகத்தின் 29 முதல் 43 வரையான அத்தியாயங்களைக் காந்தியின் இன்னொரு செயலாளரான பியாரேலால் மொழிபெயர்த்தார். 1940 பதிப்பைத் திருத்திக் கொடுத்த அறிஞர், தம் பெயர் வெளியே வரக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் என்பது பின்னர் தெரிந்தது. ஆங்கிலத்தில் உலகம் படித்த காந்தியின் சொற்களில் இந்த மூவரின் உழைப்பும் கலந்திருக்கிறது.

எழுதுவது மட்டுமா செயலாளரின் பணி? தலைவரோடு வரும் கருத்து வேறுபாட்டைத் தாங்குவதும் அதில் உண்டு. 1938இல் கஸ்தூரிபாவும் மகாதேவரின் துணைவியார் துர்காபென்னும் பூரி ஜகந்நாதர் கோயிலுக்குள் சென்றார்கள். அன்று அரிசனங்களுக்குத் திறக்காத கோயில் அது. காந்தி மனம் நொந்தார், மகாதேவரையும் கடிந்துகொண்டார். விலகிக்கொள்கிறேன் என்றார் மகாதேவர். காந்தி விடவில்லை. அந்த மனத்தாங்கலை மகாதேவர் மறைக்கவும் இல்லை. காந்தியின் 'ஹரிஜன்' இதழிலேயே எழுதினார். தலைவரிடம் மாறுபடவும், மாறுபட்டதை ஊரறியச் சொல்லவும் இடமிருந்ததால்தான் இருவருக்குமிடையே நம்பிக்கை கால் நூற்றாண்டு நிலைத்தது. தலைவரின் காதில் மட்டும் ஓதிப் பெறும் செல்வாக்கு வேறு, இது வேறு.

1942 ஆகஸ்ட் 9 அன்று இருவரும் கைதானார்கள். ஆறே நாளில், 15ஆம் தேதி, புனே ஆகா கான் மாளிகையில் மகாதேவர் மயங்கி விழுந்தார். "மகாதேவ், மகாதேவ்" என்று காந்தி அழைத்தார், கண் திறக்கவில்லை. வயது 50. உடலைக் காந்தியே குளிப்பாட்டினார். பிறகு அந்தச் சிறைவாசம் முழுதும் சமாதிக்கு மலர் கொண்டுபோய் வைத்துவந்தார்.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணக் காப்பகத்தில் ஒரு கடிதத்தைக் கையில் எடுத்தால், கீழே யாருடைய ஒப்பம் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மேலே உள்ள எழுத்து யாருடையது, அடித்துத் திருத்தியவர் யார் என்றும் பாருங்கள். அந்தத் தேடலுக்கு இக்கருத்தரங்கு தொடக்கமாக அமையட்டும் என்று வாழ்த்தி, அமர்வுகளைத் தொடங்கிவைக்கிறேன்.